விமானத்துக்குக் கண்ணாடி காட்டியவன்

1

இந்தக் கதை ஒரு பஸ்ஸில் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ். எதிர் மலையில் ஏதோ மின்னியது. தகரக் கூரை என்று நினைத்தேன். தகரம் அசையாது. இது அசைந்தது. மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் நான் கேட்காமலே சொன்னாள்.

"பிளேனுக்குக் கண்ணாடி காட்டுறாங்க."*

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மின்னல் போகவில்லை. ஒருவன் விமானத்துக்குச் சைகை காட்டுகிறான். அது எப்போது குற்றமாகும்? மறுநாள் ஹட்டனில், போட்டோக் கொப்பி எடுக்கும் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடத்தப்பட்டதாகச் சந்தேகப்படும் விமானத்தை விமானப்படை என்ன செய்யும் என்று தேடினேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்த ஒருவர் என் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கதை அந்த நாற்காலி நகர்ந்த சத்தத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது.

* மின்னியது உண்மை. அந்தப் பெண்ணும் அவள் சொன்னதும் என் சேர்க்கை. இனி வரும் வழக்கமும் இந்தக் கதைக்குள் மட்டும் உள்ளது. மஸ்கெலியாவில் போய் விசாரிக்க வேண்டாம். உங்களையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

2

பதில் சொல்லாத விமானத்தைப் பற்றி நான் படித்தவை இவை. உலகத்தில் பொதுவாக உள்ள நடைமுறை. எங்கள் நாட்டில் சரியாக எப்படி என்று உரிய இடத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குக் கீழே என் பெயரும் ஊரும் நன்றாக இருக்காது.

முதலில், மறுபடி கூப்பிடுவார்கள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு முதலில் செய்வது மறுபடி கூப்பிடுவதுதான்.

பிறகு, எல்லா விமானங்களும் காது வைத்திருக்கும் அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்கள். அருகில் பறக்கும் இன்னொரு விமானத்திடம், நீ கூப்பிட்டுப் பார் என்பார்கள். விமானக் கம்பனியிடம் சொல்லி எழுத்தில் செய்தி அனுப்பச் சொல்வார்கள். ராடாரில் அந்தப் புள்ளியோடு நான்கு இலக்கம் ஒட்டிக்கொண்டு வரும். கடத்தப்பட்டால் விமானி அதற்கென்று உள்ள இலக்கத்தைச் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். வானொலி பழுதானால் அதற்கு வேறு இலக்கம். என் கதையில் வரும் விமானம் இரண்டையும் போடவில்லை. ஆபத்து என்றும் சொல்லவில்லை, ஊமை என்றும் சொல்லவில்லை. சும்மா வந்துகொண்டிருந்தது.

சும்மா வருவதைப் போலச் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை.

அடுத்ததாக, தயாராக நிற்கும் இரண்டு போர் விமானங்கள் கிளம்பும். ஒன்று பயணிகள் விமானத்தின் இடப்பக்கம், சற்று முன்னால், சற்று மேலே போய் நிற்கும். தலைமை விமானி உட்காரும் பக்கம் அது. நின்று, இறக்கைகளை இப்படியும் அப்படியும் சாய்க்கும். உன்னை மறித்துவிட்டேன், என் பின்னால் வா என்று அர்த்தம். விளங்கினால் பயணிகள் விமானமும் இறக்கைகளைச் சாய்த்துக் காட்ட வேண்டும். இரண்டாவது போர் விமானம் பின்னால் நிற்கும். ஏன் பின்னால் என்று நான் படித்த எதிலும் நேராக எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

சுடுகிற முடிவு அந்தப் போர் விமானியின் கையில் இல்லை. அவருடைய அதிகாரியின் கையிலும் இல்லை. அது ஒரு ஏணியின் உச்சியில் இருக்கிறது. விமானியின் வேலை பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும்தான். அவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதில்தான் அத்தனை உயிரும் தொங்குகிறது. [இந்த வாக்கியம் கொஞ்சம் சத்தம் போடுகிறது. பிறகு வெட்டலாம்.]

3

தொடக்கம், முதல் முயற்சி: யோகேஸ்வரன் நல்லவன்.

வெட்டினேன். எடுத்த எடுப்பிலேயே நற்சான்றிதழ் நீட்டினால் வாசகர் சந்தேகப்படுவார்.

இரண்டாம் முயற்சி: மலை உச்சியில் ஒருவன் கண்ணாடியோடு காத்திருந்தான்.

'காத்திருந்தான்' என்பதைப் பொலிஸ்காரர்தான் எழுதுவார். வெட்டினேன்.

மூன்றாம் முயற்சி: அவன் மனைவி குவைத்துக்குப் போனதிலிருந்து அவன்

முடிக்கவில்லை. அப்படித் தொடங்கும் வாக்கியத்தின் மீதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அது குடியில் போய் முடியும். யோகேஸ்வரன் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் குடிப்பான், அவ்வளவுதான்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். யோகேஸ்வரன் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டி நிறுத்தும் வேலை. கொடுத்த அளவை வெட்டி முடித்தால் மத்தியானத்தோடு கத்தியைக் கழுவிவிடலாம். மனைவி ஜீவராணி நான்கு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளை இல்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பரா. அந்த ஒற்றை அறையில் ஒரு கண்ணாடி.

வெளிநாட்டில் ஆள் உள்ள வீட்டார், மேலே விமானம் போனால் கண்ணாடி காட்டுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் முகக்கண்ணாடிதான் காட்ட வேண்டும். கைக்கண்ணாடி ஆகாது. போனவள் கடைசியாக எதில் முகம் பார்த்தாளோ அதைத்தான் காட்ட வேண்டும். குவைத் விமானம் கடல் வழியாக வந்து கடல் வழியாகப் போகும், மலைப்பக்கமே எட்டிப் பார்க்காது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மேலே போவது கிழக்கே போகிற ஏதோ ஒன்று. அதனாலென்ன? அதிலும் யாரோ வீட்டு ஆள் இருக்கும். நாம் அவர்களுக்குக் காட்டினால், வேறெங்கோ எவராவது நம் ஆளுக்குக் காட்டமாட்டார்களா என்பது யோகேஸ்வரனின் கணக்கு.

ஒரு கட்டுப்பாடு உண்டு. போனவள் திரும்பி வந்துவிட்டால் காட்டக் கூடாது. வீட்டில் ஆளை வைத்துக்கொண்டு காட்டினால், யாருக்குக் காட்டுகிறாய் என்ற கேள்வி வரும்.

இன்னொன்று. இதை யோகேஸ்வரனிடம் சொல்லிவிடாதீர்கள். பதில் சொல்லாத அந்த விமானத்தில் ஜீவராணி இருக்கிறாள். வருவதாக அவள் அவனிடம் சொல்லவில்லை.

4

முதல் வரைவில் ஒரு கடத்தல்காரன் இருந்தான். ஜன்னலோர ஆசனம். மடியில் கறுப்புப் பை. இரண்டு பக்கம் வரை ஓடினான். பிறகு அவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

ஒரு பெயர் வைத்தேன். அதே பெயரில் எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் இருக்கிறார். மாற்றினேன். மாற்றிய பெயருக்குள் ஒரு முழு ஊரே உட்கார்ந்திருந்தது. மூன்றாவதாக வைத்தது என் ஒன்றுவிட்ட அண்ணனின் பெயர். இந்த நாட்டில் ஒருவனுக்குப் பெயர் வைத்தவுடன் விசாரணை பாதி முடிந்துவிடுகிறது.

கடத்தல்காரனை எடுத்துவிட்டேன். ஆசனமும் பையும் மிஞ்சின. அவற்றை ஜீவராணிக்குக் கொடுத்தேன்.

அப்படியானால் விமானம் ஏன் பேசவில்லை? ஒரு குமிழ். அலைவரிசை மாற்றும் குமிழ் தவறான எண்ணில் நின்றது. இவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவரும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். இரண்டு விமானிகளும் லீவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். [லீவு என்பது என் முடிவு. கேட்பாரில்லை.] இப்படி நடப்பது உண்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானம் இறங்காமல் நேரே தீவுக்குள் வந்துவிட்டது.

இது இப்போது உங்களுக்குத் தெரியும். தரையில் யாருக்கும் தெரியாது.

5

மழை விட்டு வெயில் அடித்த நாள். யோகேஸ்வரன் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். லயத்து வாசலில் சின்னத்தம்பி பீடி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த காம்பராக்காரர். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"என்ன மாப்ள, இன்னைக்காவது பிளேன்காரன் எறங்கி வந்து ஒரு வா டீ குடிப்பானா?"

"வந்தா ஒங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன் மாமா. எங்க வீட்ல சீனி இல்ல."

"ஜீவராணிக்கா காட்டுற, இல்ல சிங்கப்பூர்ல எவளாச்சும் இருக்காளா?"

யோகேஸ்வரன் சிரித்துக்கொண்டே ஏறினான். இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்தம்பி வைத்துக்கொண்டார்.

உச்சியில் ஒரு பாறை. கீழே நீர்த்தேக்கம். வழக்கமான விமானம் நூல் பிடித்தாற்போல உயரத்தில் கிழக்கே போகும். அன்று வந்தது தாழ்வாக, வேறு பக்கத்திலிருந்து வந்தது. யோகேஸ்வரன் அதைக் கவனித்தான். கவனித்தும் சந்தேகப்படவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஒரு சின்ன நெருடல் வந்தது. அவனுக்கு எதுவும் தெரியாது என்று நான்தான் எழுதினேன். ஆனாலும் ஏன் அன்று கொஞ்சம் முந்தியே ஏறினான்? [மழை விட்டதால். அவ்வளவுதான். நம்புங்கள்.]

வெயிலைக் கண்ணாடியில் பிடித்து விமானத்தின் வயிற்றுக்கு நேரே சாய்த்தான்.

அப்போதுதான் மற்ற இரண்டும் வந்தன. சத்தம் பிந்தி வந்தது. வந்தபோது லயத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பெண்கள் கொழுந்துக் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். மந்திரி யாரோ போகிறார் போல என்று கீழே சின்னத்தம்பி எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தார். சின்ன விமானம் ஒன்று பெரிய விமானத்தின் பக்கத்தில் போய் நின்று ஆடியது. உள்ளே, லீவு வாதம் பாதியில் நின்றிருக்கும். தலைமை விமானி இடப்பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்.

பெரிய விமானம் இறக்கைகளைச் சாய்த்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

யோகேஸ்வரனுக்கு இறக்கைச் சைகையின் விதி தெரியாது. தெரிந்ததெல்லாம் இதுதான்: நான்கு வருடமாகக் கண்ணாடி காட்டுகிறான், இன்று ஒரு விமானம் பதில் சொல்கிறது.

[இதை நான் திட்டமிடவில்லை. இரண்டாம் பகுதியை எழுதியபோது இறக்கை இறக்கைதான், கண்ணாடி கண்ணாடிதான். இங்கே வந்து இரண்டும் முட்டிக்கொண்டன. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.]

அவன் மறுபடி காட்டினான். இந்தத் தடவை வேகமாக. இப்படி, இப்படி, இப்படி.

பின்னால் நின்ற போர் விமானி அதைப் பார்த்தார். அவர் சொல்லக்கூடிய சொற்கள் எத்தனையோ இருந்தன. தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம், தகரம் என்றும் சொல்லியிருக்கலாம். பெரிய விமானம் யாருக்குப் பதில் சொன்னது, முன்னால் ஆடிய தன் சகாவுக்கா, மலையில் மின்னியதற்கா என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் நேர்மையானவர். உறுதியில்லாததையும் சொன்னார்.

"மலையிலிருந்து சைகை. விமானம் அதற்குப் பதில் கொடுப்பதுபோல் இருக்கிறது."

ஏணியின் உச்சியில் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஜீவராணி ஜன்னலோரத்தில் மடியில் பையோடு உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் எழுதினேன். அவர், பொறு என்றார். பெரிய விமானம் இடப்பக்கம் திரும்பி, சின்ன விமானத்தின் பின்னால் போய், மலைக்குப் பின்னால் மறைந்தது. பத்திரமாக இறங்கியது. யாருக்கும் கீறல் இல்லை.

யோகேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். வழியெல்லாம் சிரித்த முகம். அதையும் நாலு பேர் பார்த்தார்கள்.

6

பொலிஸ் ஜீப் வந்தது. மலையில் யார் நின்றது என்று லயத்தில் கேட்டார்கள். சின்னத்தம்பி பிறகு பல பேரிடம் சத்தியம் செய்தார்: "நான் ஒண்ணும் சொல்லலங்க. அவங்க கேட்டாங்க. நான் யோகேஸு வீட்டுக் கதவப் பாத்தேன். அவ்வளவுதான்."

யோகேஸ்வரனையும் கண்ணாடியையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வாக்குமூலம் எடுக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவு. ஆகவே பஸாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மயில்வாகனம் முதலாளியைக் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் கவிதை கூடச் சொல்வார் என்று பெயர் எடுத்தவர். நல்ல மனிதர். கொஞ்சம் பயந்தவர். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

யோகேஸ்வரனுக்கும் சிங்களம் தெரியும். சந்தையில் பேரம் பேசவும் சண்டை பிடிக்கவும் போதுமான சிங்களம். அதை யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி மேசையில் கிடந்தது. மேல் விளிம்பில் முருகன் ஸ்டிக்கர். கீழ் மூலையில் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு. ஜீவராணி புறப்பட்ட அன்று எடுத்து ஒட்டிவிட்டுப் போனது. முதலாளி வந்தவுடன் கண்ணாடியைத்தான் பார்த்தார். புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. பின்பக்கத்தில் அவர் கடையின் லேபல் இருக்கும்.

மலையில் என்ன செய்தாய் என்று நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. சிங்களத்தில் கேட்டார்.

"கண்ணாடி காட்டுனேன் சேர்."

முதலாளி அவன் பக்கம் சாய்ந்தார். "கண்ணாடி காட்டுனேன்னு சொன்னா என்னடா நெனப்பாங்க? பிளேனக் கடத்திட்டாங்கன்னு ஊரே பேசுது. கண்ணாடி வேற நம்ம கடையில வாங்குனது. வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. நான் பாத்துக்குறேன்."

பிறகு ஓ.ஐ.சி.யிடம் திரும்பி, நல்ல சிங்களத்தில் சொன்னார். "சேர், இவன் முகம் வழித்துக்கொண்டிருந்திருக்கிறான்."

ஓ.ஐ.சி. யோகேஸ்வரனின் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரத் தாடி.

"மலை உச்சியிலா?"

"லயத்துக்குள் வெளிச்சம் போதாது சேர்."

"ரேசர் எங்கே?"

முதலாளி ஒரு கணம் தடுமாறினார். பிறகு துணிந்துவிட்டார். "விமானச் சத்தத்தில் பயந்து கீழே போட்டுவிட்டானாம்."

விடிந்ததும் மலையில் ரேசர் தேடும்படி ஓ.ஐ.சி. ஒரு கொன்ஸ்டபிளிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

யோகேஸ்வரனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மறுக்க வாய் எடுத்தான். மறுத்தால், வயதில் மூத்த மனிதர், தனக்காக வந்தவர், பொலிஸுக்கு முன்னால் பொய்யராகிவிடுவார். அவன் வளர்ந்த இடத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டான்.*

* இங்கே நீங்கள் என்னிடம் கோபப்படலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் விடுவித்திருப்பார்களே என்று. யோசித்துப் பாருங்கள். 'மனைவி குவைத்தில் இருக்கிறாள், அதனால் சிங்கப்பூர் விமானத்துக்குக் கண்ணாடி காட்டினேன்.' இதையும் ரேசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ரேசர்தான் நம்பும்படி இருக்கிறது.

7

ஓ.ஐ.சி.க்கு ஒரு அழைப்பு வந்தது. வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தவரின் நடை மாறியிருந்தது. இந்த முறை முதலாளியைப் பார்க்காமல் யோகேஸ்வரனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"உன் மனைவி எங்கே?"

"குவைத்தில் சேர்." யோகேஸ்வரன் சிங்களத்திலேயே சொல்லிவிட்டான். முதலாளி அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்போது வருகிறாள்?"

"அடுத்த வருடம் சேர்."

"அவள் அந்த விமானத்தில் இருந்தாள்."

யோகேஸ்வரன் மேசை விளிம்பைப் பிடித்தான். அவளுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றார் ஓ.ஐ.சி. பயம் வந்து, போகத் தொடங்கியது. அது வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொன்று வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. ஏன் சொல்லவில்லை?

ஓ.ஐ.சி.யின் பக்கத்திலிருந்து பாருங்கள். வராத பாதையில் ஒரு விமானம் வருகிறது. அது வருமிடத்தில் ஒருவன் கண்ணாடியோடு நிற்கிறான். விமானத்துக்குள் அவன் மனைவி. அவள் வருவது தெரியாது என்கிறான். முகம் வழித்தேன் என்கிறான், தாடியோடு. இதற்கு ஓ.ஐ.சி. கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். எழுதியவனே நம்பமாட்டான்.

ஜீவராணி ஏன் சொல்லாமல் வந்தாள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: திடீரென்று வாசலில் போய் நின்று அவன் முகத்தைப் பார்க்க. பையில் அவனுக்கு ஒரு கோடு போட்ட சட்டை.

இரண்டு: லயத்திலிருந்து யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். 'ஒன் புருஷன் தெனமும் சாயங்காலம் கண்ணாடியத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போறான். ஒனக்குத்தான்னு சொல்லிக்கிறான். எங்களுக்கென்னமோ சந்தேகமா இருக்கு.' அவள் நேரில் பார்க்க வந்தாள்.

மூன்று: அந்த வீட்டில் ஏதோ நடந்தது. சொல்லிவிட்டு வர நேரம் இருக்க

மூன்றாவதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வரைவிலும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவளோடு சேர்ந்து நானும் வெளியே பார்த்தேன். இறக்கைக்கு அப்பால் ஒரு போர் விமானம், கைக்கெட்டும் தூரத்தில் போல. உள்ளே யாரோ அழுதார்கள், யாரோ சத்தமாக மந்திரம் சொன்னார்கள். அவள் போர் விமானத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தாள். தண்ணீர். தண்ணீருக்கு மேலே மலை. மலையில் ஒரு மின்னல். இப்படி, இப்படி, இப்படி.

8

முடிவுகள்.

மகிழ்ச்சியான முடிவு: விமானிகள் குமிழைப் பற்றிச் சொல்கிறார்கள். எல்லாரும் விடுவிக்கப்படுகிறார்கள். ரேசர் தேடப் போன கொன்ஸ்டபிள் உண்மையிலேயே ஒரு ரேசரைக் கண்டெடுத்துக்கொண்டு வருகிறார். முதலாளிக்கு வியர்க்கிறது. [சிரித்துவிட்டு வெட்டினேன்.]

துன்ப முடிவு: யோகேஸ்வரனைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறார்கள். கண்ணாடியும் போகிறது. எவனோ பொட்டைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்புகிறான். [எழுதவில்லை. எழுதினால் நடந்துவிடும் போலிருந்தது.]

நடந்தது வரை சொல்கிறேன்.

விமான நிலையத்தில் ஜீவராணியை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. புருஷனையும் பெண்சாதியையும் போனில் பேச விடுவோம். இரண்டு பேருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர்களாகப் பேசட்டும். நாம் கேட்போம். நல்ல யோசனை. நானே அதைவிட நல்லதை யோசித்திருக்க மாட்டேன்.

ஓ.ஐ.சி. போனை மேசையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார். பேசு என்று கண்ணால் காட்டினார்.

யோகேஸ்வரனிடம் ஒரு கேள்வி இருந்தது. ஏன் சொல்லல? அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது. களைத்த குரல். ஆனால் நான்கு வருடத்தில் அவன் போனில் கேட்காத ஏதோ ஒன்று அதில் இருந்தது.

"என்னங்க. நம்ம மலையில யாரோ கண்ணாடி காட்டுனாங்க. பாத்தேன். அது நீங்களா?"

முதலாளி வாயைத் திறந்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை என்று ஓ.ஐ.சி. கையைக் காட்டினார். கண்ணாடி என்ற சொல் அவருக்குத் தெரியும். மலைநாட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். ஆமா, இல்ல, இரண்டும் தெரியும்.

ஆமா என்றால் ரேசர் பொய். வாக்குமூலம் பொய், முதலாளி பொய். மலையிலிருந்து சைகை காட்டியவன், விமானத்துக்குள்ளிருந்து அதைக் கண்டவள், இரண்டு முனையும் ஒரே போனில் பொலிஸின் கைக்கு வந்துவிடும். அவள் இன்று அந்த அறையிலிருந்து வெளியே வரமாட்டாள்.

இல்ல என்றால் அவள் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து, கண்ணாடி மாட்டும் சுவரைப் பார்ப்பாள். நான்கு வருடம் கழித்து, மேலே உயிர் ஊசலாடிய நேரத்தில் கீழே மின்னியது எவனோ எவளுக்கோ காட்டிய கண்ணாடி என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சின்னச் சொற்கள். இரண்டையும் வெட்டிவிட்டேன். என்னிடம் வேறு சொல் இல்லை. உங்களிடம் இருந்தால் கொடுங்கள், சீக்கிரம். யோகேஸ்வரன் பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓ.ஐ.சி. அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கோ ஒரு அறையில் இன்னொரு அதிகாரி ஜீவராணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் முதலில் என்ன செய்வார்கள் என்று இரண்டாம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

"என்னங்க," என்கிறாள் ஜீவராணி. "அது நீங்களா?"